மூஞ்சிக் கூண்டைச் சுட்டுப் பார்க்கும் ஊர்

மரக்காணத்தில் ஒருவன் கனடா போய்வந்தான் என்று தெரிந்தால் டீக்கடையில் முதலில் சாக்லேட் கேட்கிறார்கள், அடுத்து போட்டோ கேட்கிறார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. நான் ஊர் பார்க்கப் போகவில்லை, திட்டு வாங்கப் போனேன். அருவியும் உயரக் கட்டடமும் வேண்டுமென்றால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள், அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி பக்கம் இடையஞ்சாவடிக்குப் போகிற ரோட்டில் ஒரு தகர ஷெட். அங்கே நான் வெல்டிங் சூப்பர்வைசர். பனிக்கட்டி மேல் ஆடுகிற ஹாக்கி ஆட்டத்துக்கு முகத்தில் மாட்டும் கம்பிக் கூண்டு செய்து அனுப்பினோம். கம்பியை வெட்டுவது, வளைப்பது, இரண்டு கம்பி குறுக்கே சேருகிற இடத்தில் வெல்டிங் வைப்பது, வெள்ளை பவுடர் அடித்து அடுப்பில் சுடுவது, அட்டைப் பெட்டியில் அடுக்குவது. அவ்வளவுதான் எங்கள் வேலை. அந்த ஆட்டத்தை எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. பேக்கிங்கில் இருந்த பெண்கள் அதை எலிப்பொறி என்பார்கள்.

வாங்குகிற கம்பெனி எல்லா லோடையும் சோதிப்பதில்லை. எப்போதாவது ஒரு லோடிலிருந்து சிலதை எடுத்து, ஒரு சோதனைக்கூடத்தில் வைத்து, துப்பாக்கி மாதிரி எதனாலோ சுட்டுப் பார்ப்பார்கள். 2006 ஜனவரி கடைசியில் போய்ச் சேர்ந்த லோடில் எடுத்தவை உடைந்துவிட்டன. வெல்டிங் தெரிந்த ஆள் ஒருவர் நேரில் வந்து விளக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது என்று எழுதிவிட்டார்கள்.

"டேய் ஏழுமல, வெல்டிங் உன்னுது. நீயே போய் பதில் சொல்லு" என்றார் முதலாளி. அவருக்குக் குளிர் ஆகாதாம்.

கிளம்புகிற அன்று பேக்கிங் செல்வி கேட் வரை வந்தாள். 2004 டிசம்பரில் கடல் உள்ளே ஏறி மரக்காணம் உப்பளத்துப் பாத்திகளில் சேற்றைக் கொட்டியது. அந்தப் பருவம் வேலை இல்லாமல் எங்கள் ஷெட்டுக்கு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. வந்தபோது இரண்டு பாதத்திலும் உப்புநீர் அரித்த புண், விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. ஷெட்டில் செருப்புப் போட்டு நின்று வேலை செய்ததில் ஒரு வருஷத்தில் ஆறியது.

"ண்ணா, வெல்டிங்க பத்தி அவன் இன்னா திட்னாலும் வாங்கிக்க. ஆர்டர மட்டும் உட்டுட்டு வந்துடாத. என் கால பாரு, இப்பத்தான் மனுசி கால் மாதிரி இருக்குது" என்றாள்.

பாதத்தைப் பார்த்தேன். சரி என்றேன். பஸ் ஏறினேன்.

முதல் நாள். கனடா விமான நிலையத்தில் அதிகாரி என் பையிலிருந்த மாதிரிக் கூண்டை எடுத்தான். நீ ஆடுவாயா என்று கேட்டான். பார்த்ததே இல்லை என்றேன். அவன் அதைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு பக்கத்து மேசைக்காரனைப் பார்த்து உறுமினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். "என் பையன் போடுறதும் இதே மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினான். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவனுக்கு அந்தச் சிரிப்பில் சேரத் தோன்றவில்லை.

வெளியே குளிர். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்து ஊசியாகக் குத்தியது. முதலாளி கொடுத்தனுப்பிய கோட் புதுச்சேரியில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போனது. அதன் கை என் விரல் தாண்டித் தொங்கியது.

கம்பெனி ஒரு வாடகைக் காரை அனுப்பியிருந்தது. டிரைவர் அறுபது வயது ஆள், ஓயாமல் பேசினார். எனக்கு ஐடிஐயில் படித்த இங்கிலீஷ்தான், பாதி புரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி பின்பக்கத்தில் எதையோ விசிறிக்கொண்டே போனது. மணல் என்று நினைத்தேன். என்னவென்று கேட்டேன்.

"உப்பு" என்றார்.

"எந்த உப்பு?"

"தின்கிற உப்புதான். கொஞ்சம் அழுக்கு. ஐஸ் உருகணுமே."

ரோட்டோரம் ஒரு பெரிய கொட்டகை வந்தது. உள்ளே உப்பு குவித்திருந்தார்கள். எங்கள் ஊர் அளத்தில் ஒரு பருவம் முழுக்க வாரிக் குவித்தாலும் அந்தக் குவியல் வராது. வெயிலில் நின்று, கால் வெந்து, தலையில் சுமந்து கரையேற்றுகிற பொருளை இவர்கள் ரோட்டில் இறைத்து அதன் மேல் டயரை ஓட்டுகிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழியில் கார் பனிப் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. டிரைவர் என் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கச் சொன்னார். தூக்கினால் கீழே ரோடு தெரிகிறது. தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"உப்பு தின்னது. மேலே பெயிண்ட் பளபளன்னு இருக்கும். அடியில போய் உட்கார்ந்து தின்னும். ஓட்டை விழுறப்பதான் நமக்குத் தெரியும்" என்றார். என்னைத் தள்ளச் சொன்னார். பனியில் இரண்டு முறை விழுந்து தள்ளினேன்.

அந்த ஓட்டையைப் பார்த்ததிலிருந்து எங்கள் கூண்டுப் பெட்டிகள்தான் நினைவில் ஓடின. காரணம் இருக்கிறது.

ஷூ பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் ஈரம் இழுக்கிற மணி போட்ட குட்டிப் பொட்டலம் ஒன்று கிடக்கும். கூண்டுப் பெட்டிகளுக்குள்ளும் அதைப் போட வேண்டும் என்பது விதி. ஐப்பசி மழையில் சென்னையிலிருந்து அது வரவில்லை. மறுநாள் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். அப்போது செல்விதான் சொன்னாள், "உப்பு ஈரம் இழுக்கும்ண்ணா. மானம் மூடுனாலே அளத்துல குமிச்ச உப்பு கசிய ஆரம்பிச்சுடுமே." காடாத் துணியைத் துண்டாக்கி, கல்லுப்பை வைத்து முடிச்சுப் போட்டு, பெட்டிக்கு இரண்டு வைத்தாள். நான் சரி என்றேன். முதலாளி பார்த்தார், "மூளைடி உனக்கு" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்த மணியை அவர் வாங்கவே இல்லை. மூன்று லோடு உப்பு முடிச்சோடு போனது.

உப்பு ஈரத்தை இழுக்கும், சரிதான். இழுத்த ஈரம் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடிக்கு அடியில் நீர் கசிந்து நிற்கும், அந்த அலமாரியின் ஆணி வருஷா வருஷம் துருப்பிடித்து விழும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனாலும் கேட்கவில்லை. கண்டெய்னர் போக வேண்டும், அவ்வளவுதான் அன்றைக்கு என் மண்டையில் இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு என்று ஓட்டலில் ஒரு சூப் கொடுத்தார்கள். பீன்ஸ் வேகவைத்த தண்ணீர். உப்பே இல்லை. ரோட்டில் கொட்டுகிறவர்கள் சூப்பில் ஒரு சிட்டிகை போட்டால் என்ன?

இரண்டாம் நாள் சோதனைக்கூடம். வெளியே பார்த்தால் நம்மூர் ரைஸ் மில் மாதிரி ஒரு கட்டடம். சோதனை செய்கிற அம்மாவின் பெயர் டோனா. ஐம்பது வயதுக்கு மேல், ஆண்பிள்ளை செருப்பு, கையில் ஸ்பானர். வணக்கம் சொல்வதற்கு முன்னால் "வெல்டர் நீதானா?" என்று கேட்டாள். கூண்டு வாங்குகிற கம்பெனியின் ஆள் கிரெக் ஓரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு மேடையில் இரும்பில் செய்த மனிதத் தலை. மூக்கு, கண்குழி, தாடை எல்லாம் இருக்கிறது. முகம் முழுக்க நீலப் பசை பூசி, அதற்கு ஹெல்மெட் போட்டு, எங்கள் கூண்டை மாட்டினாள். எதிரே ஒரு நீளக் குழாய். காற்றை அழுத்தி அடைத்துவிட்டால் குழாய் அந்த ஆட்டத்தில் அடிக்கிற கறுப்பு ரப்பர் வட்டைத் துப்பும். வட்டைக் கையில் கொடுத்தாள். டீக்கடை பன் அளவு. பன் என்று நினைத்து வாங்கியவன் கை கீழே போனது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தது, கல் மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாகக் கூண்டு செய்கிறேன், அதன் மேல் வந்து மோதுவது எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கம்பி வளையலாம். ஆனா உள்ளே வந்து முகத்தைத் தொடக்கூடாது. தொட்டா கம்பியில நீலம் ஒட்டும். ஒட்டினா தோல்வி" என்றாள் டோனா.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றோம். மூன்று எண்ணினாள். சத்தம் துப்பாக்கி மாதிரி இல்லை, தகரக் கதவை யாரோ ஒரே உதை உதைத்த மாதிரி இருந்தது. கூண்டு உள்வாங்கி நின்றது. கழற்றிக் காட்டினாள், நீலம் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. என் வெல்டிங் என்று சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அடுத்த கூண்டு. மூன்று எண்ணினாள். போய்ப் பார்த்தபோது கண்ணுக்கு நேரே இருந்த குறுக்குக் கம்பி வெல்டிங் விட்டு, அதன் முனை இரும்புத் தலையின் இடது கண்குழிக்குள் நின்றது. நுனியில் நீலம்.

டோனா குனிந்தாள். அந்தக் கம்பியைக் கண்ணிலிருந்து மெதுவாக இழுத்தாள். அது வெறும் இரும்பு என்பது அவளுக்கு மறந்துவிட்டதோ என்னவோ.

வெல்டிங் விட்ட இடத்தைக் காட்டச் சொன்னேன். நல்ல வெல்டிங் பிய்ந்தால் எதிர்க் கம்பியிலிருந்து இரும்புச் சதையைப் பிடுங்கிக்கொண்டு வரும். இதில் சதை இல்லை. இரண்டு கம்பிக்கு நடுவே இருக்கிற இடுக்கில் பவுடர் போய்ச் சேராது. அங்கே செம்மண் மாதிரி துரு, துருவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. டோனா விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

கிரெக் எழுந்து வந்தான். "கடல் தண்ணி. கண்டெய்னர் ஒழுகியிருக்கு. இது உங்க தப்பே இல்ல" என்றான். அவனுக்கும் அதுதான் வசதி. கப்பல்காரனின் இன்சூரன்ஸ் இந்த லோடுக்குப் பணம் கொடுத்துவிடும், இவர்களுக்கு அடுத்த லோடு வந்துவிடும். "நாளைக்குக் காலையில எழுதி வைக்கிறேன், நீ கையெழுத்துப் போடு" என்று என் தோளைத் தட்டினான். செல்வியின் பாதம் கண்ணில் நின்றது.

சாயங்காலம் கிரெக் என்னை ஆட்டம் நடக்கிற இடத்துக்குச் சாப்பிடக் கூட்டிப்போனான். கூரை போட்ட மைதானம், தரை முழுக்கப் பனிக்கட்டி. ஒரு வண்டி மேலே சுரண்டிக்கொண்டு பின்னால் மெல்லிசாகத் தண்ணீர் விட்டுப் போனது. எங்கள் பாத்தியில் நீர் கட்டுகிற அதே வேலை. நாங்கள் வெயிலுக்குக் காத்திருப்போம், இவர்கள் குளிருக்குக் காத்திருக்கிறார்கள். நீர் இறுகி வெள்ளையாகத் தரை கிடந்தபோது அசல் மரக்காணம்தான்.

அதன் மேல் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் இறங்கினார்கள். ஒவ்வொரு முகத்திலும் கம்பிக் கூண்டு. ஒருத்தி அடித்த வட்டு இன்னொருத்தியின் முகத்தில் பட்டுத் தெறித்தது. அவள் தலையை ஒரு உதறு உதறிவிட்டு அதே வேகத்தில் ஓடினாள். பக்கத்தில் இருந்த தாய் சாண்ட்விச் மெல்வதை நிறுத்தவில்லை. கூண்டு மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் உருளைக்கிழங்குத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசலில் ஆட்டச் சாமான் கடை. கம்பியில் வெள்ளைக் கூண்டுகள் தொங்கின. ஒன்றை எடுத்துத் தாடைப் பட்டைக்கு உள்ளே பார்த்தேன். எங்கள் ஸ்டிக்கர். ஐப்பசி லோடு, உப்பு முடிச்சோடு போன முதல் லோடு. பேக்கிங் நம்பர் நாலு. நாலு என்றால் செல்வி.

மூன்றாம் நாள் காலை டெலிபோன் கார்டு வாங்கி ஷெட்டுக்குப் போட்டேன். அங்கே வேலை முடிகிற நேரம். முதலாளி எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அவனே தண்ணி பூந்துடுச்சின்றான். நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்கற? கையெழுத்துப் போட்டுட்டு வா" என்றார்.

"முன்ன போன ரெண்டு லோடு கடையில தொங்குது சார். புள்ளைங்க மாட்டிக்கினு ஆடுது."

"ஆடட்டும். எவனுக்காவது கண்ணு போச்சின்னு சேதி வந்துச்சா?"

"வரல."

"அப்புறம் இன்னாடா? அங்க இன்னா உனக்கு அக்கா புள்ளையா ஆடுது? இந்தா, இவகிட்ட பேசு."

செல்வி வாங்கினாள். "ண்ணா, குளுருதா? சோறு கெடைக்குதா? ஆர்டர் இருக்குது இல்ல?"

"இருக்குது" என்றேன். அந்த நிமிஷம் வரைக்கும் இருந்தது, அதனால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

சோதனைக்கூடத்தில் கிரெக் தாளை நீட்டினான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது என்றேன். நேற்றுப் பார்த்த கடையிலிருந்து இரண்டு கூண்டு வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டான். சுடு, பிறகு சொல்கிறேன் என்றேன். என் இங்கிலீஷில் மரியாதை கிடையாது, தெரிந்ததே அவ்வளவுதான். அவன் முறைத்தான். டோனா அவனைப் பார்த்து, "போய் எடுத்துட்டு வா. பத்து நிமிஷம்தானே" என்றாள்.

மாட்டினாள். மூன்று எண்ணினாள். முதல் கூண்டே விட்டது, அதே நாலாம் நம்பர். இந்த முறை வாய்க்கு நேரே. இடுக்கில் அதே துரு, அதே வெள்ளைப் பொடி.

"இது வேற கப்பல்" என்றேன்.

கிரெக்குக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. இரண்டு கப்பலும் ஒழுகியிருக்கும் என்று சொல்லப் பார்த்தான், பாதியில் நிறுத்திவிட்டான். அப்படியானால் உப்பு எங்கிருந்து வந்தது என்று டோனா கேட்டாள்.

என்னிடம் அதற்கு இங்கிலீஷ் இல்லை. வெளியே போனேன். வாசற்படியில் வழுக்காமல் இருக்க உப்பு போட்டிருந்தார்கள். ஒரு பிடி அள்ளி, கைக்குட்டையில் வைத்து, செல்வி போடுகிற மாதிரி முடிச்சுப் போட்டேன். அதைக் கொண்டுவந்து உடைந்த கூண்டுக்குள் வைத்தேன். "ஒவ்வொரு பெட்டியிலும் இது இரண்டு. ஈரம் இழுக்க. நாங்கள்தான் வைத்தோம்" என்றேன்.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன். இரும்போட உப்பைக் கட்டி அனுப்புன ஆளை இப்பதான் பாக்குறேன்" என்றாள் டோனா.

"ரோட்டில உப்பைக் கொட்டி, அதுல கார் ஓட்டுற ஆளுங்களை நானும் இப்பதான் பாக்குறேன்" என்றேன். அவள் ஜன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்தாள். அதன் கதவு அடியில் பாதியைக் காணோம்.

"எத்தனை லோடு?" என்று கிரெக் கேட்டான். மூன்று என்றேன். அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனை எடுத்தான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவே இல்லை. விமான நிலையத்துக்கு டோனாதான் கொண்டுவந்து விட்டாள். வழியில் நடுவில் ஓட்டை போட்ட இனிப்புப் பண்டம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மெதுவடை என்று ஏமாந்து கடித்தேன், தித்தித்தது. கடைகளில் இருப்பதையெல்லாம் திரும்ப எடுக்கிறார்கள், என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன் என்றாள். சொன்னபடி எழுதினாள்.

ஊருக்கு வந்தேன். முதலாளி என்னை உள்ளே விடவில்லை. கேட்டில் நின்றபடியே கணக்கு முடித்தார். ஒரு மாதத்துக்குள் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. இப்போது அந்த ஷெட்டில் கோழிக் கூண்டு செய்கிறார்கள், அதற்கு வெல்டிங் சூப்பர்வைசரும் வேண்டாம், பேக்கிங்கும் வேண்டாம். நான் மரக்காணத்தில் ஒரு கடையில் இரும்பு கேட் அடிக்கிறேன்.

பங்குனியில் டோனாவின் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். மதியத்துக்கு முந்தைய வெயில். பாத்தியில் பலகை போட்டு உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள் செல்வி. பக்கத்துப் பாத்திகளில் நின்றவர்களும் ஷெட்டில் பேக்கிங் செய்தவர்கள்தான்.

"வாண்ணா. கனடாவுக்கே போயி உப்பு வித்துட்டு வந்த ஆளு இல்ல நீ" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதில் நல்ல சிரிப்பு ஒன்றுகூட இல்லை.

நின்றேன். திட்டு வாங்கித்தான் எனக்குப் பழக்கமாகிவிட்டதே.

"நான்தான் வெச்சேன்னு சொன்னியா?"

"நாங்க வெச்சோம்னு சொன்னேன். சரின்னு சொன்னது நான்தான்."

பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "ஒடஞ்சதுல ஒண்ணு நான் கட்டுனதுன்னு மொதலாளி சொன்னாரு. நாலாம் நம்பரு. எந்தப் புள்ள மாட்டியிருந்துச்சி?"

"யாரும் மாட்டல. கடையில தொங்குச்சி."

"மத்தது?"

கடிதத்தைக் காட்டினேன். "வித்ததுல முக்காவாசி திரும்ப வாங்கிட்டாங்க. மீதியத் தேடறாங்க. ஒருத்திக்குத் தாடையில கிழிஞ்சி தையல் போட்டாங்களாம். கண்ணு ஒண்ணும் போவலியாம்."

"எந்த ஊரு பொண்ணு? எத்தன வயசு?"

"எழுதல."

செல்வி வரப்பில் உட்கார்ந்து, பாதத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். விரல் இடுக்கு மறுபடி வெடித்திருந்தது. துணியைப் பிழிந்து, இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டாள். ஷெட்டில் மிச்சமான காடாத் துணி, அதே முடிச்சு.

"சரி, போண்ணா. வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டுப் பாத்தியில் இறங்கினாள்.